குல்மர்க், ஸ்வானெத்தி, ஜிர்கலான்: எந்த மலையில் எது கைவிடும்?

ஆல்ப்ஸில் ஐந்தாறு பருவம் ஸ்கீயில் சறுக்கிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஊர்கள் சலித்துப்போகும். எங்கு திரும்பினாலும் அதே லிஃப்ட், அதே காபிக் கடை, காலை பத்து மணிக்குள் நூறு தடம் விழுந்துவிட்ட சரிவு. அப்போது பார்வை கிழக்கே திரும்பும். விசாரித்தால் மூன்று பெயர்கள் மாறி மாறி வரும்: காஷ்மீரின் குல்மர்க், ஜார்ஜியாவின் ஸ்வானெத்தி, கிர்கிஸ்தானின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஜிர்கலான்.

மூன்றையும் எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் பனியின் தரத்தைத்தான் பேசுகிறார்கள். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. நல்ல நாள் வாய்த்தால் மூன்றிலும் பனி அருமையாகவே இருக்கும். வேறுபாடு தெரிவது கெட்ட நாளில். குல்மர்க்கில் லிஃப்ட் நின்றுவிடும். ஸ்வானெத்தியில் சாலை அடைபடும். ஜிர்கலானில் காலுக்குக் கீழே இருக்கும் பனியையே நம்ப முடியாமல் போகும். இந்த மூன்றில் எந்தச் சிக்கலை உங்கள் குழுவால் தாங்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

முதலில் ஒரு தகுதிக் கோடு. சீர்செய்யாத, முழங்கால் ஆழப் பனியில் விழாமல் பத்துப் பதினைந்து திருப்பங்கள் எடுக்கத் தெரிய வேண்டும். ஸ்கீயின் அடியில் ஸ்கின், அதாவது ஏறும்போது பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் பட்டை, ஒட்டிக்கொண்டு ஒரு நாளில் 800 மீட்டராவது ஏறும் தெம்பு வேண்டும். செங்குத்துச் சரிவில் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் திசை மாற்றும் கிக் டர்ன் வர வேண்டும். இவற்றில் முதலாவது மட்டும் இருந்தால் குல்மர்க் போகலாம். முதல் இரண்டும் இருந்தால் ஸ்வானெத்தி. ஜிர்கலானுக்கு மூன்றும் வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் இந்தக் கட்டுரையை ஒரு வருடம் கழித்துப் படிப்பது நல்லது.

குல்மர்க்: உயரத்தைப் பணம் கொடுத்து வாங்கும் இடம்

குல்மர்க் கிராமம் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டி இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் 1998-இல் ஓடத் தொடங்கியது. கொங்தூரி வரை, சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது. அபர்வத் மலைத்தோள் வரை, 3,950 மீட்டருக்குச் சற்று மேலே. கிராமத்திலிருந்து கணக்கிட்டால் 1,300 மீட்டர் உயரம், ஒரு அடி நடக்காமல். மற்ற இரண்டு இடங்களிலும் இப்படி ஒரு வசதி கனவிலும் கிடையாது. போகும் வழியும் எளிது: ஶ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கி, தங்மர்க் வரை சாதாரண வண்டி, அங்கிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய சுமோவில் கடைசி 13 கிலோமீட்டர். அன்று மாலையே அறையில் இருக்கலாம்.

ஆனால் அந்த இரண்டாம் கட்டம்தான் குல்மர்க்கின் பலமும் பலவீனமும். காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள். பெரும்பனி பெய்தால், ரோந்துக் குழு வெடிவைத்துச் சரிவைப் பாதுகாப்பாக்கும் வரை திறக்க மாட்டார்கள். இங்கே பனி கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்று வானிலை அறிக்கைகளில் வருமே, மேற்கிலிருந்து நகர்ந்துவரும் அந்தப் புயல் அமைப்புதான். இரண்டு நாள், மூன்று நாள் விடாமல் கொட்டும், பிறகு வானம் வெளுக்கும். வெளுத்த மறுநாளே மேலே போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கடைசியில் திறக்கும்போது காத்திருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே போவார்கள். முதன்மைக் கிண்ணச் சரிவு மதியத்துக்குள் உழுத வயல் மாதிரி ஆகிவிடும்.

அந்தத் தடம் விழுந்த சரிவை விட்டு, ரோந்துக் குழுவின் கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டிப் பக்கவாட்டுப் பள்ளங்களுக்குள் போகும் ஆசை அப்போதுதான் பிறக்கும். குல்மர்க்கில் விபத்துகள் நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். 2023 பிப்ரவரி 1-இல் அபர்வத்தின் ஹபத்குத் பள்ளத்தில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22-இல் ஒரு ரஷ்யர். 2010-இல் கில்லன்மர்க் பகுதியில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேர். லிஃப்டில் ஏறிப் போய்ச் சேருகிற இடம் என்பதால் அது ஸ்கீ ஊரின் பாதுகாப்புக்குள் இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். ரோந்துக் குழுவின் வெடி படுவது முதன்மைக் கிண்ணத்தில் மட்டும். அதற்கு வெளியே ஒரு மீட்டர் போனாலும் அது கட்டுப்பாடற்ற இமயமலை.

இன்னொரு விஷயம் உயரம். ஶ்ரீநகர் 1,600 மீட்டர்கூட இல்லை. முந்தாநாள் கடல்மட்டத்தில் இருந்தவர் இன்று காலை 3,950-இல் நின்றால் தலைவலி, வாந்தி, காரணமில்லாத களைப்பு எல்லாம் வரும். முதல் நாள் முதல் கட்டத்தோடு நிறுத்துங்கள். இரண்டாம் நாள் மேலே போய் ஒரே ஒரு இறக்கம் மட்டும் போதும். மூன்றாம் நாளிலிருந்து முழு நாள். புயல் நாட்களில் தங்மர்க், பாபாரேஷி, துருங் பக்கம் இறங்கும் தேவதாரு, ஃபர் காடுகள் கைகொடுக்கும். ஆனால் அவை தாழ்ந்த இடங்கள். மேலே நல்ல பனி இருக்கும்போதே கீழே மழையாகப் பெய்து கல்லும் வேரும் தெரியலாம்.

பருவம் தவறுவதும் உண்டு. 2024 ஜனவரியில் குல்மர்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிரின் நாட்கள். குளிர் அப்போது உச்சத்தில் இருந்தாலும், அடிப்பனி சேர்ந்து பாறைகள் மூடியிருக்கும் என்று ஓரளவு நம்பிப் போகக்கூடியது பிப்ரவரி முதல் மூன்று வாரங்கள்.

ஸ்வானெத்தி: சாலை மனது வைத்தால்

ஜார்ஜியாவின் வடமேற்கில், காகசஸ் மலையின் உச்சிகளுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தாக்கு இது. தலைமை ஊர் மெஸ்டியா, 1,500 மீட்டர். வீட்டுக்கு வீடு நிற்கும் பழைய கல் கோபுரங்கள்தான் ஊரின் அடையாளம். பகைக் குடும்பங்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளக் கட்டியவை. மேல் ஸ்வானெத்தி 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சறுக்க இரண்டு இடங்கள். ஊருக்குத் தெற்கே மேலேயே ஹட்ஸ்வாலி: வடக்கு பார்த்த காட்டுச் சரிவு, உச்சி சுமார் 2,350 மீட்டர், எதிரே உஷ்பாவின் இரட்டைச் சிகரம். இன்னொன்று டெட்னுல்டி, 2016-இல் திறந்தது, 3,100 மீட்டருக்கு மேல் போகிறது, மரமே இல்லாத திறந்த சரிவுகள்.

இந்த இரண்டையும் எந்த நாளில் எது என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பனி கொட்டும் நாளில் டெட்னுல்டியில் கை நீட்டினால் கை தெரியாது. ஹட்ஸ்வாலியில் மரங்களுக்கு நடுவே நன்றாகச் சறுக்கலாம். வெளுத்த நாளில் டெட்னுல்டி. ஆனால் அங்கே தெற்கும் மேற்கும் பார்த்த சரிவுகள் அதிகம் என்பதால் மார்ச் வெயிலில் மதியம் குழைந்து, இரவில் உறைந்து, மறுநாள் காலை மேலே ஓடுகட்டிவிடும். மார்ச்சில் போகிறவர்கள் ஹட்ஸ்வாலிக்கு மேல் உள்ள வடக்குச் சரிவுகளையே நம்பியிருப்பது நல்லது.

கருங்கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் ஈரம் மலையில் மோதிக் கனத்த பனியாக விழும். ஒரே புயலில் ஒரு மீட்டர் விழுந்தாலும் ஊரில் யாரும் வியப்படைவதில்லை. அதே ஒரு மீட்டர்தான் சாலையையும் மூடும். டிபிலிசியிலிருந்து சுக்டிடி வரை ரயில். அங்கிருந்து மெஸ்டியாவுக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் மர்ஷ்ருட்கா, அதாவது பங்கு வேன். நல்ல நாளில் மூன்றரை மணி நேரம். எங்குரி ஆற்றை ஒட்டிய அந்தப் பாதையில் பனிச்சரிவோ பாறைச்சரிவோ விழுந்தால் சுத்தம் செய்ய ஒரு நாள், சில சமயம் அதற்கு மேல். டிபிலிசிக்கு அருகே இருக்கும் நடக்தரி விமான நிலையத்திலிருந்து மெஸ்டியாவுக்குச் சிறிய விமானம் உண்டு. அதை ஒரு போனஸாக எண்ணுங்கள், திட்டமாக வேண்டாம்: எந்த வானிலையில் சாலை மூடுகிறதோ அதே வானிலையில்தான் விமானமும் பறக்காது.

ஆகவே ஸ்வானெத்திக்குப் போகிறவர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு இரவைச் சமவெளியில், குடைசியிலோ டிபிலிசியிலோ, வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் போதும் என்று சிக்கனம் பார்ப்பவர்களில் சிலர் அந்தச் சிக்கனத்தைப் புது விமானச் சீட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

மெஸ்டியாவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் உஷ்குலியும் பலருடைய பட்டியலில் இருக்கும். ஷ்காரா மலையின் சுவர் பின்னால் எழுந்து நிற்க, கோபுரங்கள் முன்னால்; பார்க்க வேண்டிய இடம்தான். குளிர்காலத்தில் அந்தச் சாலையின் மேல் பல பனிச்சரிவுப் பாதைகள் இறங்குகின்றன. போவதென்றால் புயல் முடிந்து இரண்டு நாளாவது கழித்து, அதிகாலையில், உள்ளூர் டெலிகா வேன் ஓட்டுநர் ‘போகலாம்’ என்று தானாகச் சொன்னால் மட்டும். அவர் தயங்கும்போது கூடுதல் பணம் நீட்டாதீர்கள். பணத்துக்காகத் தலையாட்டிவிட்டால் ஆபத்து அவருக்கும்தான்.

ஜிர்கலான்: லிஃப்டே இல்லாத இடத்தின் சுகமும் கணக்கும்

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கரகோல் நகரம் 400 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம். கரகோலிலிருந்து ஜிர்கலான் இன்னும் சுமார் 60 கிலோமீட்டர் கிழக்கே. சோவியத் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான கிராமம். சுரங்கம் சுருங்கியபின் வீடுகள் விருந்தினர் இல்லங்களாயின. இங்கே லிஃப்ட் கிடையாது. ஸ்கின் ஒட்டி ஏற வேண்டும், அல்லது பனிப்பூனை எனப்படும், பனிமேல் ஓடும் பட்டைச் சக்கர வண்டி அமர்த்த வேண்டும், சில இடங்களில் குதிரையில் அடிவாரம் வரை போகலாம். கூட்டம் என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லை. புயல் முடிந்து ஐந்தாம் நாளும் தடமில்லாத சரிவு கிடைக்கும்.

உடம்பு பழக முதல் ஒன்றிரண்டு நாளைக் கரகோல் ஸ்கீ தளத்தில் கழிக்கலாம். ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். 2,300 மீட்டரில் தொடங்கி 3,040 வரை சேர்லிஃப்ட் போகிறது. மேலே நின்றால் இசிக்குல் ஏரி தெரியும். கடுங்குளிரிலும் உறையாத உப்பேரி அது. அதிலிருந்து எழும் ஈரம்தான் இந்தக் கிழக்கு முனையில் பனியாகக் கொட்டுகிறது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். பனிப்படுகையின் அடிப்பகுதி, தரையை ஒட்டி, ஏறத்தாழ சுழியம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு காற்றின் குளிரில் இருக்கும். இரண்டுக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு நீடித்தால், பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையை இழந்து சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். ஜிர்கலானில் டிசம்பரில் 60 சென்டிமீட்டர் பனியும் கழித்தல் 20 டிகிரி இரவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10 சென்டிமீட்டருக்கு 3 டிகிரிக்கு மேல். ஸ்வானெத்தியில் 2 மீட்டர் பனி, கழித்தல் 6 டிகிரி என்றால் 0.3 டிகிரிதான். ஸ்வானெத்தியின் ஆபத்து புயலோடு வந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் படிந்து அடங்கும். ஜிர்கலானின் ஆபத்து டிசம்பரில் தரைமட்டத்தில் உருவாகிப் பிப்ரவரி வரை அப்படியே காத்திருக்கும். மேலே எவ்வளவு அழகான பனி விழுந்தாலும் அது சர்க்கரை மேல் வைத்த பலகைதான். நடக்கும்போது ‘உம்ப்’ என்று அமுங்கும் ஒலி கேட்டால், அந்த நாளுக்குச் செங்குத்தான சரிவு எதுவும் வேண்டாம் என்று மலையே சொல்லிவிட்டது என்று பொருள்.

குல்மர்க் இரண்டுக்கும் நடுவில். பனி குறைவாகத் தொடங்கும் ஆண்டுகளில் அங்கும் உயரமான வடக்குச் சரிவுகளில் அடிச்சர்க்கரை இருக்கும்.

சரிவின் கோணம் 30 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும் இடங்களில்தான் பலகைச் சரிவுகள், அதாவது பனி பலகைபோல் மொத்தமாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள், பெரும்பாலும் உடைகின்றன. ஆகவே ஜிர்கலானில் 12 நாள் தங்குபவர் அதில் பெரும் பகுதியை 30-க்குக் குறைந்த சரிவுகளிலும் காட்டிலும் கழிக்க மனத்தளவில் தயாராக வேண்டும். சாகசப் படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இது பெரும் ஏமாற்றம். மென்சரிவில் ஆழப்பனி, ஆள் அரவமற்ற காடு, மாலையில் பானியா என்ற ரஷ்ய நீராவிக் குளியல் என்று போகிறவருக்கு மூன்றிலும் சிறந்த இடம் இதுவே.

அடிபட்டால் யார் வருவார்கள்?

பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் அது பத்தில் மூன்று அளவுக்கு விழுந்துவிடுகிறது. மூன்று ஊர்களிலும் வெளியாள் யாரும் 10 நிமிடத்தில் வரப்போவதில்லை. புதைந்தவரைச் சமிக்ஞையால் காட்டும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளப் புரோப், தோண்ட உலோக ஷவல் மூன்றும் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். ‘கைடிடம் இருக்கிறது’ என்பது பதில் ஆகாது. புதைவது கைடாகவும் இருக்கலாம்.

கால் முறிந்தால் கதை வேறு. குல்மர்க்கில் ரோந்துக் குழு சறுக்குப் படுக்கையில் இறக்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஶ்ரீநகரில் பெரிய மருத்துவமனை. மெஸ்டியாவில் முதலுதவிக்கு வசதி உண்டு, அறுவை என்றால் கீழே இறங்க வேண்டும், அதற்குச் சாலை திறந்திருக்க வேண்டும். ஜார்ஜியாவில் அவசர எண் 112. ஜிர்கலானில் நண்பர்களே இழுத்துக் கிராமத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கரகோல், சிக்கலான முறிவென்றால் பிஷ்கெக் வரை வண்டியில். நான்கு பேருக்குக் குறைந்த குழு ஜிர்கலானில் உள்பகுதிக்குப் போகக்கூடாது என்பதற்குக் காரணம் இந்த இழுவைதான்: ஒருவர் கிடந்தால், இழுக்க இரண்டு பேர், முன்னால் பாதை போட ஒருவர்.

செய்தி அனுப்பும் கருவியில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. இந்தியாவில் அனுமதியின்றித் துராயா, இரிடியம் செயற்கைக்கோள் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். கார்மின் இன்ரீச் என்ற செய்திக் கருவி இரிடியத்தில் இயங்குவது. அதைப் பையில் வைத்துக்கொண்டு இந்திய விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. குல்மர்க் என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே வெளிமாநிலப் பிரீபெய்டு சிம்மும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மற்ற இரண்டு நாடுகளிலும் இன்ரீச் எடுத்துப் போகலாம். ஜிர்கலானுக்கு அது கட்டாயம் என்றே சொல்லலாம்.

காப்பீட்டில் பார்க்க வேண்டியவை நான்கு வரிகள். கட்டுப்பாட்டு எல்லைக்கு வெளியே சறுக்குவது அடங்குமா? கைடு இல்லாவிட்டால் செல்லாதா? உயர வரம்பு எத்தனை மீட்டர்? கடைசியாக, உங்கள் நாட்டு அரசு ‘போகாதீர்’ என்று சொல்லும் இடத்துக்குப் போனால் செல்லுமா? ஜம்மு காஷ்மீருக்கு எதிராகப் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் நீண்டகாலமாகப் பயண எச்சரிக்கை வைத்திருக்கின்றன. அந்நாடுகளில் எடுத்த சாதாரணப் பயணக் காப்பீடு குல்மர்க்கில் வெறும் காகிதமாகிவிடலாம். பலர் கொண்டோலா வரிசையில் நின்றுகொண்டுதான் இதைப் படிக்கிறார்கள்.

பாகிஸ்தானுடனான எல்லைக்கோடு அருகில் என்பதால் குல்மர்க்கில் ராணுவ முகாம்களைப் படமெடுப்பதும் டிரோன் பறக்கவிடுவதும் வேண்டாத வம்பு.

சாப்பாடும் வீட்டு வழக்கமும்

சைவர்களுக்கு வரிசை தெளிவானது. குல்மர்க்கில் கவலையே இல்லை: ஹாக் கீரை, ராஜ்மா, தம் ஆலு, சோறு. உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாயைத்தான் முதல் மிடறில் நாக்கு ஏற்க மறுக்கும். ஸ்வானெத்தியின் பெருமை குப்தாரி என்ற இறைச்சி அடை. ஆனால் ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்புக்கால உணவில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. ‘சமர்க்வோ’ என்று கேட்டால் சமைப்பவருக்கு உடனே புரியும். பயறு லோபியோ, வால்நட் அரைத்த கத்திரிக்காய் என்று வரும். சீஸ் சாப்பிடுபவருக்கு ஹச்சாபூரி என்ற சீஸ் ரொட்டி இருக்கவே இருக்கிறது. ஜிர்கலானில் ஆட்டிறைச்சி, குதிரை இறைச்சி, அதன் சாற்றில் வெந்த நூடுல்ஸ். இறைச்சி வேண்டாம் என்றால் எடுத்துவிட்டுக் குழம்பைத் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ரஷ்ய மொழியில் எழுதி அனுப்பி, ஒரு நாளைக்கு 600 கலோரி அளவுக்குப் பருப்பு, கொட்டை, உலர்பழம் கையோடு கொண்டுபோவது நல்லது. ஏறும் நாளில் அரைப் பட்டினி கிடப்பது குளிரையும் தவறான முடிவுகளையும் கொண்டுவரும்.

வீட்டுக்குள் நடந்துகொள்ளும் முறை ஒவ்வோர் இடத்திலும் வேறு. கிர்கிஸ் வீட்டில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக்கூடாது, தரையில் விரித்த உணவுத் துணியைத் தாண்டி மிதிக்கக்கூடாது. தேநீரை அரைக் கிண்ணமாக ஊற்றினால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிக்க அதுவே வழி, நிறைத்து ஊற்றினால்தான் எழுந்திருக்கச் சொல்கிறார்கள் என்று பொருள். ஸ்வானெத்தி விருந்தில் தமாதா என்ற விருந்துத் தலைவர் வாழ்த்துச் சொல்லி முடிக்கும் வரை கோப்பையைத் தொடாமல் இருக்க வேண்டும். வாழ்த்துகள் இருபதைத் தாண்டும். ஊற்றுவது சாச்சா என்ற திராட்சைச் சாராயம் என்றால் மறுநாள் சறுக்கல் போச்சு. முதலிலேயே மருந்து சாப்பிடுகிறேன் என்றோ வண்டி ஓட்ட வேண்டும் என்றோ சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நடுவில் நிறுத்துவதுதான் கடினம்.

2026, 2027 இரண்டு ஆண்டுகளிலும் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் விழுகிறது. குல்மர்க்கிலும் கிர்கிஸ்தானிலும் கைடு நோன்பிருந்தால் நீளமான ஏற்றத்தை அதிகாலையில் தொடங்கி மதியம் இரண்டுக்குள் முடிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் நின்று சாக்லேட் பிரிக்காமல் பத்தடி தள்ளிப்போய்ச் சாப்பிடலாம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் கவனிப்பார்.

பையில் எது, எத்தனை

குல்மர்க்கில் அகலமான ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும், தரம் கடைக்குக் கடை மாறும். பூட்ஸை மட்டும் எங்கு போனாலும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். ஜிர்கலானுக்கும் ஸ்வானெத்திக்கும் எல்லாமே சொந்தமாக இருப்பது நலம். ஸ்கீக்குக் காலடியில் 100 முதல் 112 மில்லிமீட்டர் அகலம் மூன்றுக்கும் சரிவரும்.

நால்வர் குழுவுக்கு ஒரு பழுதுப் பை: போசிடிரைவ் 3 முனை கொண்ட திருப்புளி, பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) திருகாணி ஆறு, எப்பாக்சி பசை ஒன்று, கொஞ்சம் இரும்பு நார், ரப்பர் ஸ்கீ வார் ஆறு, இரண்டு மீட்டர் மெல்லிய கம்பி, துணி ஒட்டுப்பட்டை, ஸ்கின்னின் வால் கொக்கி இரண்டு, ஊசி (pin) வகை பைண்டிங்கின் முன்பகுதி ஒன்று. திருகாணி கழன்று ஓட்டை பெரிதானால், இரும்பு நாரை எப்பாக்சியில் தோய்த்து ஓட்டைக்குள் திணித்து, திருகாணியை முடுக்கி, அடுப்பருகே ஒரு இரவு வைக்க வேண்டும். குளிர் அறையில் எப்பாக்சி இறுகவே இறுகாது, அதனால்தான் அடுப்பு.

கழித்தல் 20 டிகிரியில் ஸ்கின்னின் பசை பிடிப்பை இழக்கும். முதல் இறக்கத்துக்கு முன் கழற்றிய ஸ்கின்னை முதுகுப் பையில் போடாமல் மேலாடைக்கு உள்ளே, வயிற்றோடு ஒட்டி வையுங்கள். ஈரமானால் பனித் துகளைச் சுரண்டித் துடைத்த பிறகே மீண்டும் ஒட்ட வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால் நடுவிலும் வாலிலும் ரப்பர் வார். ஆறு வார் கேட்டது இதற்காகவும்தான்.

பனிச்சரிவில் ஊதி ஆளை மேலே வைத்திருக்க உதவும் காற்றுப்பை முதுகுப்பை வைத்திருப்பவர்கள் அது சிலிண்டர் வகையா, மின்விசிறி வகையா என்று பாருங்கள். சிலிண்டருக்கு விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும், ஒருமுறை வெடித்துவிட்டால் மெஸ்டியாவிலோ கரகோலிலோ நிரப்பித் தர ஆளில்லை. ஶ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனை அடுக்கடுக்காக நடக்கும். அங்கே அந்த உருளையை விளக்கிப் புரியவைப்பது தனி வேலை. மின்விசிறி வகைதான் இந்தப் பயணங்களுக்கு ஏற்றது.

நாள் கணக்கு

வீட்டை விட்டுக் கிளம்பி 12 நாள் என்று வைப்போம். குல்மர்க்கில் ஒன்பது நாள் மலையில் இருக்கலாம், ஆனால் அதில் நான்கைந்து நாள் இரண்டாம் கட்டம் மூடிக்கிடந்தாலும் புகார் சொல்ல முடியாது. ஜிர்கலானில் போக வர நான்கு நாள் போனால் எட்டு நாள், அநேகமாக எட்டும் சறுக்கலாம், மென்சரிவுகளில். ஸ்வானெத்தியில் பாதுகாப்பு இரவுகளையும் கழித்தால் ஆறு நாள். அவற்றில் இரண்டு காட்டிலும் நான்கு மேலேயும் அமைந்தால் அதிர்ஷ்டம். விடுப்பு ஏழே நாள்தான் என்றால் ஸ்வானெத்தியையும் ஜிர்கலானையும் மறந்துவிடலாம்.

முதன்முறை ஆல்ப்ஸுக்கு வெளியே போகிற குழு, அதில் ஏறப் பழகாதவர் ஒருவர் இருந்தாலும், காப்பீடு செல்லுமென்றால் குல்மர்க் போகட்டும். கட்டுப்பாட்டு எல்லைக்கு வெளியே கைடு இல்லாமல் போகக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. காப்பீடு செல்லாதவர்களுக்கும், சறுக்காத நாளிலும் கோபுரம், பழைய ஓவியத் தேவாலயம், விருந்து என்று மனம் நிறையக்கூடியவர்களுக்கும் ஸ்வானெத்தி, பிப்ரவரி நடுவில். பனிக்குழி தோண்டி அடுக்குகளைப் படிக்கத் தெரிந்த நான்கு பேர், ‘இன்று வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் மற்ற மூவரும் முகம் சுளிக்காமல் திரும்பக்கூடியவர்கள் என்றால், ஜிர்கலான்.

கைடை முடிவு செய்யும் முன் எங்கு போனாலும் மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். போன வாரம் எந்தச் சரிவுகளுக்குப் போகாமல் தவிர்த்தீர்கள், ஏன்? அடிபட்டவரைக் கீழே கொண்டுவர உங்களிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும்? பனி சரியில்லை என்று நாங்கள் திரும்பினால் கட்டணம் என்ன ஆகும்? முதல் கேள்விக்கு இடத்தின் பெயரும் காரணமும் சொல்லாமல், ‘எல்லாம் நன்றாக இருக்கிறது, வாருங்கள்’ என்று பதில் வந்தால் அடுத்தவரைத் தேடுங்கள்.